மடகாஸ்கரின் அய்-அய்: சுண்டிப் பார்த்துச் சாப்பிடும் ஒரு பிராணியின் வரலாறு



போன பதிவில் தேவாங்கைப் பற்றி எழுதியிருந்தேன். கடவூர் மலைப்பகுதியில் அதற்கென்று 2022-இல் ஒரு சரணாலயம் அறிவித்ததையும், கிளி ஜோசியம் போலத் தேவாங்கை வைத்துச் சீட்டு எடுக்கச் சொல்லி ஜோசியம் பார்த்த அந்தக் காலத்தையும் சொல்லியிருந்தேன். படித்த இரண்டு மூன்று பேர், "தேவாங்கைப் போல ராத்திரியில் நடமாடும் குரங்கினம் வேறு எங்காவது உண்டா?" என்று கேட்டிருந்தார்கள். உண்டு. அதில் ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்கு. தேவாங்குக்கு அது தூரத்து உறவு. ஆனால் சுமார் நூறு வருஷம் பெரிய பெரிய பண்டிதர்கள் அதை அணில் என்றும் எலி என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் அய்-அய். ஊர் மடகாஸ்கர் தீவு.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். ஒரு வீட்டுப் பூனையை விடக் கொஞ்சம் சின்னது. எடை சுமார் இரண்டரை கிலோ. உடம்பெல்லாம் கறுத்த முரட்டு மயிர். உடம்பைவிட நீளமான, புசுபுசுவென்ற வால். வௌவாலுக்கு இருப்பதுபோல் பெரிய மெல்லிய காதுகள். மஞ்சள் பாரித்த உருண்டைக் கண்கள். வாயில் எலிக்கு இருப்பதுபோல் முன்பற்கள், அதுவும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள். கையில் நடுவிரல் மட்டும் காய்ந்த குச்சி மாதிரி, மற்ற விரல்களோடு சேராமல் தனியாக ஆடும். பெண்ணுக்குப் பால் சுரக்கும் காம்புகள் நெஞ்சில் இல்லை, தொடை இடுக்குப் பக்கம் இருக்கின்றன. ஐந்தாறு பிராணிகளின் மிச்சம் மீதியை ஒட்டிச் செய்ததுபோல் இருக்கும்.

இதை முதன்முதலில் ஐரோப்பாவுக்குச் சொன்னவர் நமக்கு அவ்வளவு அந்நியர் அல்ல. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். 1748-இல் லியோனில் பிறந்தவர். இன்றைய மொரிஷியஸ் தீவில் வேலை பார்த்து, அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்து, 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது உள்ளேயே இருந்தவர். பிற்பாடும் புதுச்சேரியிலும் ஏனாமிலும் பல வருஷங்கள் இருந்தார். சோழமண்டலக் கரையின் மனிதர்கள், கைத்தொழில்கள், தெய்வங்கள் எல்லாவற்றையும் படம் போட்டு 1782-இல் பாரீஸில் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். நம் காடுகளில் இருக்கும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு விஞ்ஞானப் பெயரே அவர் பெயரில்தான். நாட்டுக் கோழி அந்தக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று அவர் சொன்னார். இல்லை, சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்றார் டார்வின். டார்வின் சொன்னதுதான் பெரும்பாலும் சரி. ஆனால் 2008-இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், கோழிக் காலின் மஞ்சள் நிறத்துக்கான மரபணு நம்ம சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். சொன்னராவுக்கும் கொஞ்சம் மார்க் போட வேண்டியதாயிற்று.

அந்த 1782 புத்தகத்தில்தான் மடகாஸ்கர் பிராணியும் வருகிறது. தீவின் மேற்குக் கரையில் கிடைத்த ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி அவரிடம் இருந்தது. அதைக் கிழக்குக் கரை மக்களிடம் காட்டியபோது, அவர்களே அதுவரை பார்த்திராததால் "அய்! அய்!" என்று ஆச்சரியப்பட்டுக் கூவினார்களாம், அதையே பெயராக வைத்துவிட்டேன் என்கிறார். வேறு விளக்கங்களும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் வாயால் சொல்ல விரும்பாத பெயரைக் கேட்டபோது "தெரியாது" என்ற பொருளில் ஏதோ முனகியதுதான் பெயராகிவிட்டது என்பாரும் உண்டு. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஏன் என்பது பின்னால் வரும்.

சொன்னராவிடம் அந்த ஜோடி இரண்டு மாதம்தான் உயிரோடு இருந்தது. என்ன கொடுத்தார் தெரியுமா? சோறு. வெந்த சோற்றை அந்த ஒல்லி விரல்களால், சீனர்கள் குச்சியால் சாப்பிடுவதுபோல் எடுத்துச் சாப்பிட்டன என்று எழுதியிருக்கிறார். மரத்துக்குள் இருக்கும் புழுவைத் தோண்டித் தின்னவென்றே அமைந்த விரலைக் கொண்டு பருக்கை பொறுக்கியிருக்கின்றன, பாவம்.

இந்த மனுஷரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொன்னராவுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். அவருடைய முந்தைய புத்தகம் நியூகினிப் பயணம் பற்றியது. ஆனால் அவர் நியூகினி மண்ணில் கால் வைத்ததாகத் தெரியவில்லை. அங்கே பெங்குவின் பார்த்தேன் என்று எழுதினார். பெங்குவின் அங்கே கிடையவே கிடையாது. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தி இன்றும் விஞ்ஞானப் பெயரில் நியூகினிக்காரனாக இருப்பது அவர் கைங்கரியம்தான். அப்படிப்பட்டவர் கொண்டுவந்த விசித்திரங்களில் இந்த அய்-அய் மட்டும் அச்சு அசல் நிஜம்.

அவர் கொண்டுபோன ஒரே ஒரு உருப்படிதான் பாரீஸ் மியூசியத்தில் இருந்தது. அதைத் தவிர ஐரோப்பாவில் வேறு கிடையாது, ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு. அந்த ஒரு தோலையும் எலும்பையும் வைத்துக்கொண்டுதான் சண்டை அத்தனையும். 1788-இல் ஜெர்மானியரான க்மெலின் அதை அணில் வகையில் சேர்த்து, மடகாஸ்கர் அணில் என்று பெயர் வைத்தார். 1795-இல் ழோஃப்ருவா சான்த்-இலேர் இது தனி வகை என்று சொல்லி, பாரீஸின் மூத்த விஞ்ஞானி தோபான்தோன் பெயரால் 'தோபெந்தோனியா' என்று அழைத்தார். அந்தப் பெயர்தான் இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்தில் மிருகங்களைத் தரம் பிரிப்பதில் குவியே வைத்ததுதான் சட்டம். பல்லைக் காட்டு, ஆளைச் சொல்கிறேன் என்பவர். உளி போன்ற பல்லைப் பார்த்தார். எலி, அணில் வகைதான் என்று முடித்துவிட்டார்.

1816-இல் பிளேன்வீல் என்பவர் அதே எலும்பை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னார். மண்டை ஓட்டைப் பார், கண்குழியைப் பார், கைகால் எலும்பைப் பார். இது மடகாஸ்கரிலேயே இருக்கும் லெமூர்களின் சொந்தக்காரன், குரங்கினத்தோடு சேர வேண்டியவன் என்றார். பெரியவர் சொன்னதற்கு எதிராக யார் கேட்பார்கள்? கேட்கவில்லை. காலின் கட்டை விரல் நம் கையின் கட்டை விரல்போல் எதிர்ப்பக்கம் மடங்கும், அதில் நகம் தட்டையாக இருக்கும். எந்த எலிக்கு அப்படி உண்டு? நான் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர், "பல் ஒரு வேலைக்காரன், முதலாளி அல்ல; தொழிலுக்குத் தக்கபடி மாறிவிடுவான்" என்பார். இந்தப் பிராணியை நினைத்துச் சொன்னாரோ என்னவோ.

சரி, அந்தப் பல்லும் விரலும் எதற்கு? இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் ஒரு டாக்டர். ஹம்ஃப்ரி சாண்ட்வித் என்ற ஆங்கிலேய மருத்துவர். கிரிமியா யுத்த காலத்தில் கார்ஸ் கோட்டை முற்றுகையில் காயம்பட்டவர்களைக் கவனித்துப் பேர் வாங்கியவர். பிறகு மொரிஷியஸில் காலனிச் செயலாளராக வேலை பார்த்தார். லண்டனிலிருந்து ரிச்சர்ட் ஓவன் என்ற பெரிய உடற்கூறு நிபுணர், "ஒரு அய்-அய் கிடைத்தால் சாராயத்தில் போட்டு அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார். சாண்ட்வித்துக்கு ஒன்று உயிரோடு கிடைத்தது. கொல்ல மனசு வரவில்லை. கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தார். 1859 ஜனவரியில் அவர் ஓவனுக்கு எழுதிய கடிதம் விலங்கியலில் புகழ்பெற்ற கடிதங்களில் ஒன்று.

புழு துளைத்த மரக்கிளைகள் சிலவற்றை அதன் கூண்டுக்குள் போட்டாராம். அது காதை முன்னால் மடித்து, மூக்கை மரப்பட்டையோடு வைத்துக்கொண்டு, அந்த ஒல்லி விரலால் படபடவென்று தட்டிக்கொண்டே போயிற்று. நடுநடுவே விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தது. காயத்துக்குள் சர்ஜன் மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பது போல என்று அவர் உவமை சொல்கிறார். டாக்டர் அல்லவா! ஓரிடத்தில் நின்று பட்டையைப் பல்லால் பிய்த்து எறிந்தது, மரத்தைக் குடைந்தது, விரலை விட்டுப் புழுவை இழுத்து வாயில் போட்டுக்கொண்டது. பல் எதற்கு, காது எதற்கு, விரல் எதற்கு என்று எழுபது எண்பது வருஷமாக இருந்த கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது.

தட்டிப் பார்ப்பது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. தேங்காய்க் கடையில் காதருகே வைத்துச் சுண்டிப் பார்க்கிறோம். தர்பூசணியைத் தட்டுகிறோம். ஆசாரி உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, "இங்கே வண்டு குடைஞ்சிருக்கு சார்" என்பார். என் சின்ன வயசில் அப்பாவுக்கு இருமல் நிற்காதபோது, வீட்டுக்கு வந்த டாக்டர் முதுகில் இடது கை விரலை வைத்து அதன்மேல் வலது கை விரலால் டொக் டொக்கென்று தட்டிக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க அப்போது டவுனுக்குப் போக வேண்டும். அந்த முறையைக் கண்டுபிடித்து 1761-இல் புத்தகம் போட்டவர் அவுன்புருகர் என்ற ஆஸ்திரிய டாக்டர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைப் பார்த்து வளர்ந்த பையன். சாண்ட்வித்தும் தன் கையால் எத்தனையோ மார்பைத் தட்டிப் பார்த்தவராகத்தான் இருந்திருப்பார். அந்தக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அது செய்வதைப் புரிந்துகொள்ள அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அது தட்டிக் கேட்பது உள்ளே இருக்கும் பொந்தை. கார்ல் எரிக்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1991-இல் வெளியிட்ட சோதனைகளில், உள்ளே புழுவே இல்லாத வெறும் பொந்தைக் கூட அது கண்டுபிடித்துக் குடைந்தது. அதாவது வாசனையோ புழு ஊரும் சத்தமோ மட்டும் காரணமல்ல. மரத்தின் ஓசை வித்தியாசமே போதும். அந்த நடுவிரலின் அடி மூட்டு நம் தோள்பட்டை மூட்டு போலப் பந்தும் கிண்ணமுமாக அமைந்தது. அதனால் எந்தப் பக்கமும் திரும்பும். வேலை இல்லாதபோது அந்த விரல் மற்ற விரல்களைவிடக் குளிர்ந்து கிடக்கும். தட்ட ஆரம்பித்ததும் சூடேறும். அவ்வளவு மெல்லிய விரலுக்கு எந்நேரமும் ரத்தம் அனுப்பி உஷ்ணத்தை வீணாக்காமல் இருக்க இயற்கை செய்த சிக்கனம் என்று நினைக்கிறார்கள். பல்லில் எனாமல் முன்பக்கம்தான் கெட்டி. பின்பக்கம் தேயத் தேய உளி தானாகவே தீட்டிக்கொள்ளும். மொத்தம் பதினெட்டே பற்கள்.

புழு மட்டும்தான் தின்னும் என்றில்லை. ரமி என்ற மரத்தின் கெட்டியான கொட்டையைப் பல்லால் துளைத்து, விரலால் பருப்பைச் சுரண்டி எடுக்கும். நம் ஊரில் பங்களா வாசலில் அழகுக்கு வைப்பார்களே விசிறி வாழை, அதற்குச் சொந்த ஊர் மடகாஸ்கர்தான். அதன் பூவிலிருந்து தேனை எடுக்கும். தேங்காயையும் விடாது. மட்டை, ஓடு எல்லாம் துளைத்து ஒரு ஓட்டை போட்டு, விரலை உள்ளே விட்டு விட்டு எடுத்து இளநீரை நக்கி, பிறகு வழுக்கையையும் சுரண்டித் தின்னும். தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதன்மேல் பிரியம் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

மடகாஸ்கரில் மரங்கொத்தி கிடையாது. அந்த வேலை காலியாகக் கிடந்தது. அதை இது எடுத்துக்கொண்டது என்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நியூகினியிலும் மரங்கொத்தி கிடையாது. அங்கே வயிற்றில் பை உள்ள, உடம்பில் வரி போட்ட ஒரு சின்னப் பிராணி, கங்காருவுக்குச் சொந்தம், இதே தொழிலைச் செய்கிறது. அதற்கும் ஒரு விரல் நீளம். ஆனால் நான்காவது விரல். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை; தொழில் ஒன்று என்பதால் கையும் ஒரே மாதிரி ஆகிவிட்டது.

மறுபடி லண்டனுக்குப் போவோம். சாண்ட்வித் கடைசியில் சாராயத்தில் போட்டு அனுப்பிய உடலை ஓவன் அறுத்து ஆராய்ந்து, 1863-இல் விரிவான நூலாக அச்சிட்டார். இதைக் குரங்கினத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். ஆனால் அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சாண்ட்வித் கடிதம் எழுதிய அதே 1859-இன் இறுதியில்தான் டார்வினின் புத்தகம் வெளிவந்தது. ஓவன் டார்வினுக்கு ஆகாதவர். காது, பல், விரல் மூன்றும் இவ்வளவு கச்சிதமாக ஒரே வேலைக்குப் பொருந்துவது சிறுகச் சிறுக நேர்ந்த தற்செயல் மாற்றங்களால் முடியுமா என்பதே அவர் வாதம். எனக்கு ஓவன் பேரில் கொஞ்சம் அனுதாபம் உண்டு. அந்த நாளில் அந்தக் கையை மேஜைமேல் வைத்துப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கையை அவ்வளவு துல்லியமாக விவரித்தவரே அவர்தானே! அதே சமயத்தில் குட்டிகளின் பால் பற்களை ஜெர்மானியர்கள் பார்த்தார்கள். அவை எலியின் கணக்கில் இல்லாமல் குரங்கினத்தோடு ஒத்துப் போயின. எலிக் கட்சி அதோடு ஓய்ந்தது.

பண்டிதர்கள் எந்தப் பெட்டியில் போட்டாலும் மடகாஸ்கர் கிராமத்தானுக்கு அதனால் என்ன? அவனுக்கு அது அபசகுனம். பல ஊர்களில் அந்த ஒல்லி விரலை யாரைப் பார்த்து நீட்டுகிறதோ அவன் செத்தான் என்று நம்பிக்கை. பார்த்த இடத்தில் அடித்துக் கொன்று, ஊர் எல்லையில் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். தீமையை வழிப்போக்கர் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. இப்படிப்பட்ட ஒன்றின் பெயரை வெள்ளைக்காரர் கேட்டால், "தெரியாதுங்க" என்றுதானே சொல்வார்கள்? எல்லாரும் அப்படியும் இல்லை. காட்டில் தூங்குபவனுக்கு அது தலையணை கொண்டுவந்து வைக்கும், தலைமாட்டில் வைத்தால் பணக்காரன் ஆவான், கால்மாட்டில் வைத்தால் கேடு என்று ஒரு கதையை பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. சாக்குருவி கத்தினால் நம் பாட்டிமார் என்ன சொன்னார்கள், தேவாங்கின் கண்ணை எதற்கெல்லாம் பறித்தார்கள் என்று போன பதிவில் பார்த்தோமே.

அடித்ததும், அதைவிட முக்கியமாகக் காட்டை அழித்ததும் சேர்ந்து, 1930-களில் இந்த இனமே பூண்டற்றுப் போய்விட்டது என்று எண்ணும்படி ஆயிற்று. 1957-இல் ழான்-ழாக் பெத்தேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கிழக்குக் கரையில் மறுபடி கண்டுபிடித்தார். 1960-களின் நடுவில், ஒன்பது உருப்படிகளைப் பிடித்து, அன்டோங்கில் வளைகுடாவில் இருக்கும் நோசி மங்காபே என்ற சின்னத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். ஐந்து சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். பெரிய தீவில் அழிந்தாலும் இங்கே பிழைக்கட்டும் என்ற கணக்கு. பிழைத்தன. பிறகு தேடத் தேட, பெரிய தீவிலும் பல காடுகளில் ஆங்காங்கே இருப்பது தெரிந்தது. ராத்திரியில் மட்டும், உயர்ந்த மரக்கிளைகளில், தனியாகத் திரிவது. பகலில் குச்சியால் பந்துபோல் கட்டிய கூட்டுக்குள் சுருண்டு தூங்குவது. எண்ணுவது சுலபமில்லை. ஒரு தடவைக்கு ஒரே குட்டி, அதுவும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. இன்றும் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் லெமூர் மையத்தில் 1992-இல் ஒரு குட்டி பிறந்தது. மேலை நாடுகளில் கூண்டில் பிறந்த முதல் குட்டி அதுதான்.

இதைவிடப் பெரிதாக இன்னொரு அய்-அய் மடகாஸ்கரில் இருந்திருக்கிறது. மனிதர்கள் அந்தத் தீவுக்கு வந்து குடியேறிய பிறகும் இருந்தது. இப்போது இல்லை. அதன் முன்பற்களில் ஓட்டை போட்டு, கோத்துக்கொள்ள வசதியாக வைத்திருந்தது கிடைத்திருக்கிறது. மாலைக்கோ தாயத்துக்கோ தெரியவில்லை.

சமீபத்திலும் இது ஆராய்ச்சியாளர்களைச் சும்மா விடவில்லை. 2019-இல் அதன் உள்ளங்கை ஓரம், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொய்க் கட்டைவிரல் இருப்பதைக் கண்டார்கள். நடுவிரலை இவ்வளவு ஒல்லியாக்கிவிட்டதால் கிளையைப் பிடிக்கக் கை போதவில்லை, அதற்கு ஒட்டுப் போட்டாற்போல. இருநூறு வருஷத்துக்கு மேல் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் படாதது! 2022-இல் வந்த செய்தி இன்னும் தமாஷ். இது அந்த நீள விரலை மூக்குக்குள் விட்டு நோண்டுவதைப் படம் எடுத்தார்கள். மண்டையை ஸ்கேன் செய்து கணக்குப் போட்டால், விரல் நுனி மூக்கு வழியாகத் தொண்டை வரைக்கும் போய்விடுகிறதாம். எங்கள் வீட்டுப் பேரனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது கண்டித்தால் உதாரணம் காட்டுகிறான்.

கடைசியாக ஒரு செய்தி. 1967-இல் கென்யாவில் கிடைத்த சில பழைய தாடை எலும்புகளை சிம்ப்ஸன் என்ற பெரிய நிபுணர் பார்த்து, தேவாங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தியது. இரண்டு வருஷம் கழித்து இன்னொருவர், அது வௌவால், பழந்தின்னி வௌவால் என்றார். ஐம்பது வருஷம் வௌவாலாகவே இருந்தது. 2018-இல் மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள், இது அய்-அய்யின் முன்னோர் வழி உறவு என்கிறார்கள். அது சரியானால், இவன் முன்னோர் மற்ற லெமூர்களோடு சேர்ந்து மடகாஸ்கருக்கு வரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து தனியாக, பிற்பாடு, கடலில் மிதந்த மரத்திலோ செடிகொடித் திட்டிலோ வந்து கரை ஏறியிருக்க வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

சொன்னராவின் புத்தகத்தில் உள்ள சோழமண்டலக் கைத்தொழிலாளர் படங்களைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.